வறண்ட மண்ணின் சிவப்பு ஒயின்

பிரான்சின் தென்கிழக்கில், ரோன் ஆற்றை ஒட்டி, ஷாத்தோநெஃப்-து-பாப் என்றோர் ஊர் இருக்கிறது. ஒயின் உலகத்தில் பேர்போன ஊர். அங்கே வடிக்கும் சிவப்பு ஒயினில் பெரும்பங்கு கிரெனாஷ் என்ற திராட்சை. நல்ல பாட்டில் 30 யூரோவுக்குக் கீழே கிடைப்பது அரிது. புகழ்பெற்ற தோட்டத்துச் சரக்கு என்றால் 100 யூரோவையும் தாண்டும். அங்கிருந்து தென்மேற்கே காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் போனால் மோரி வரும். மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சிற்றூர். அங்கும் அதே கிரெனாஷ்தான். பல கொடிகளுக்கு 50, 60 வயது. சில கொடிகள் நூறை நெருங்குகின்றன. ஆனால் மோரியின் நல்ல சிவப்பு ஒயின் 10 முதல் 15 யூரோவுக்குக் கிடைக்கிறது.

கொடி ஒன்று, வெயிலும் ஏறக்குறைய ஒன்று. விலையில் மட்டும் ஏன் இவ்வளவு இடைவெளி? பாட்டிலுக்குள் இருப்பது மட்டம் என்பதால் அல்ல. இந்த விலை, மோரி இருக்கும் ரூசியோன் நிலம் நூறாண்டு காலம் வேறொரு பொருளுக்காக உழைத்ததால் வந்தது. அதைப் புரிந்துகொள்ள முதலில் நிலத்தையும் கொடியையும் பார்க்க வேண்டும்.

ரூசியோன் பிரான்சின் தெற்கு மூலை. கிழக்கே மத்தியதரைக் கடல், தெற்கே பிரனீஸ் மலைத்தொடர், வடக்கே கோர்பியேர் சுண்ணாம்புக் குன்றுகள். தலைநகர் பெர்ப்பினியான். 1659இல் பிரனீஸ் உடன்படிக்கை கையெழுத்தாகும் வரை இதன் பெரும்பகுதி ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது. மக்கள் பேசியது கத்தலான். மோரியோ பழைய எல்லையின் பிரெஞ்சுப் பக்கம். ஊருக்கு மேலே பாறை முகட்டில் நிற்கும் கெரிபுஸ் கோட்டை அந்த எல்லையைக் காவல் காத்த கோட்டைகளில் ஒன்று. கீழே ஆக்லி ஆற்றின் பள்ளத்தாக்கு. அதே பள்ளத்தாக்குப் பகுதியில், தோத்தவேல் கிராமத்துக் குகையில், 1971இல் ஏறக்குறைய 4,50,000 ஆண்டுகள் பழமையான மனித மண்டையோடு ஒன்று கிடைத்தது. மனிதர்கள் வெகுகாலமாக வாழ்ந்துவரும் நிலம் இது. சொகுசான நிலம் அல்ல.

மழை ஆண்டுக்குச் சராசரியாக 550 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அதுவும் இலையுதிர் காலத்தில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். கோடையில் வாரக்கணக்கில் ஒரு துளி விழாது. வடமேற்கிலிருந்து திரமொந்தான் என்ற வறண்ட காற்று ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட நாட்கள் வீசுகிறது. வேகம் சில நாட்களில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். இந்தக் காற்றால் ஒரு பெரிய நன்மை உண்டு. இலையில் ஈரம் தங்காததால் அடிச்சாம்பல் நோய் மற்ற இடங்களைப் போலத் தலைவிரித்தாடுவதில்லை, மருந்தடிப்பு குறைகிறது. கெடுதலும் உண்டு. மென்மையான தளிர் கொண்ட ரகங்களை இந்தக் காற்று முறித்துப் போட்டுவிடும். கிரெனாஷின் மரம் கெட்டியானது, கிளைகள் தாமாகவே நிமிர்ந்து வளரும். அதனால் கம்பி இல்லாமல், பந்தல் இல்லாமல், முழங்கால் உயரத்தில் தடித்த அடிமரமும் அதிலிருந்து கிண்ண வடிவில் விரியும் நாலைந்து கைகளுமாக அதைக் கவாத்து செய்து நிறுத்துகிறார்கள். குட்டையான புதர், அவ்வளவுதான். அதன் இலைகளே வட்டமாகக் கவிந்து கொத்துகளுக்கு நிழல் தருகின்றன. அறுவடை இயந்திரம் இந்தப் புதருக்குள் வேலை செய்ய முடியாது. கையால்தான் பறிக்க வேண்டும்.

கிரெனாஷின் பிறப்பிடம் ஸ்பெயினின் அரகோன் பகுதி என்பதே பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. ஸ்பெயினில் அதற்குக் கார்னாச்சா என்று பெயர். அரகோன் மன்னர்களின் ஆட்சி சார்தீனியா தீவு வரை பரவியிருந்தது. அந்தத் தீவில் கன்னோனாவு என்ற பெயரில் வளர்வதும் இதே திராட்சைதான் என்று மரபணு ஆய்வுகள் காட்டிவிட்டன. சார்தீனியர்கள் மட்டும் கொடி தங்கள் தீவிலிருந்துதான் புறப்பட்டது என்று இன்றும் வாதிடுகிறார்கள்.

திராட்சையை விதையிலிருந்து வளர்ப்பதில்லை. குச்சி வெட்டி நடுகிறார்கள். ஆகவே உலகிலுள்ள எல்லாக் கிரெனாஷ் கொடிகளும் என்றோ ஒருநாள் முளைத்த ஒரே கன்றின் நகல்கள். ஆனால் பல நூற்றாண்டுகளாக நகலெடுக்கும்போது மரபணுவில் ஆங்காங்கே எழுத்துப் பிழைகள் ஏறும். தோலுக்கு நிறம் கொடுக்கும் அந்தோசயனின் நிறமிகளைத் தயாரிக்கச் சொல்லி உத்தரவிடும் மரபணுக்கள் திராட்சையின் இரண்டாம் குரோமோசோமில் இருக்கின்றன. அந்த இடத்தில் பழுது ஏற்பட்ட கிளைகளில் பழம் சாம்பல் கலந்த இளஞ்சிவப்பாகவோ முழு வெள்ளையாகவோ காய்த்தது. அப்படிப் பிறந்தவைதான் கிரெனாஷ் கிரி, கிரெனாஷ் பிளான். கறுப்புப் பழம் தருவது கிரெனாஷ் நுவார். ரூசியோனின் பழைய தோட்டங்களில் இந்த மூன்றும் ஒரே வரிசையில் கலந்து நிற்பதுண்டு. நான்காவதாக இன்னொரு சகோதரன்: லெடோனெர் பெலுட். இதன் இலையின் அடிப்பக்கம் முழுவதும் வெண்மையான ரோமம். இலைப்பரப்பை ஒட்டி ஈரக்காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள அந்த ரோமம் உதவுகிறது என்பதால், காற்றும் வெயிலும் மிகுந்த நாட்டில் இதற்குத் தனி மதிப்பு.

தண்ணீர் விஷயத்தில்தான் கிரெனாஷ் தன் குணத்தை முழுமையாகக் காட்டுகிறது. இலையின் அடியில் நுண்ணிய துளைகள் உண்டு. கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருவதும் நீராவி வெளியே போவதும் அந்த வழியாகத்தான். துளையைத் திறந்தால் உணவு தயாரிக்கலாம், ஆனால் நீர் போகும். மூடினால் நீர் மிஞ்சும், ஆனால் உணவு குறையும். ஜெர்மனியின் கைசன்ஹைம் ஆய்வாளர் ஹான்ஸ் ஷுல்ட்ஸ் 2003இல் வெளியிட்ட ஆய்வில் கிரெனாஷையும் சிரா என்ற இன்னொரு திராட்சை ரகத்தையும் ஒப்பிட்டார். மண் காயத் தொடங்கியதுமே கிரெனாஷ் துளைகளை மூடி, இலைக்குள் இருக்கும் நீர் நிலையைக் காப்பாற்றிக்கொள்கிறது. சிரா அப்படி அல்ல. துளைகளைத் திறந்துவைத்தபடியே இழுக்கிறது, இலையின் நீர் நிலை சரிந்துகொண்டே போகிறது. வருமானம் குறையும் அறிகுறி தெரிந்ததுமே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழத் தொடங்கும் குடும்பம் கிரெனாஷ். பின்னர் வந்த ஆய்வுகள் இந்தப் பாகுபாடு அத்தனை கறாரானது அல்ல என்றும், மண்ணும் வறட்சியின் கடுமையும் மாறும்போது ஒரே ரகம் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும் என்றும் காட்டின. ஆனாலும் மத்தியதரை நாட்டு விவசாயி தலைமுறை தலைமுறையாகக் கண்டது இதுதான்: மானாவாரியில், பாறைச் சரிவில், மற்றவை வாடும்போது கிரெனாஷ் தாக்குப்பிடிக்கும்.

அதற்கு ஒரு பலவீனமும் உண்டு. பூக்கும் காலத்தில் குளிரோ மழையோ வந்தால் பூக்கள் பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும். கொழுத்த மண்ணில் இந்தத் தொல்லை அதிகம். கொடி தன் சக்தியை இலைக்கும் தளிருக்கும் கொடுத்துவிட்டுப் பூவைக் கைவிடுகிறது. மோரியின் வறிய மண் அந்த ஆட்டத்தை அடக்கிவைக்கிறது.

அந்த மண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மோரியைச் சுற்றி நிலம் கறுப்பு. ஏடு ஏடாகப் பிளவுபடும் ஷிஸ்ட் பாறை. கையில் எடுத்து அழுத்தினால் சில்லுசில்லாக நொறுங்கும். பக்கத்திலேயே லெஸ்கெர்த் கிராமத்தில் கிரானைட் மணல், கரமானியில் நைஸ் பாறை, தோத்தவேலில் சுண்ணாம்பு கலந்த செங்களி. சில கிலோமீட்டருக்குள் இத்தனை வகை. ஒயின் எழுத்தாளர்கள் இங்கே வந்ததும் பாறையின் சுவை ஒயினில் தெரிகிறது என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. வேர் பாறையைத் தின்பதில்லை. நீரில் கரைந்த பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் போன்ற அயனிகளை மட்டுமே உறிஞ்சுகிறது. அவை ஒயினில் இருக்கும் அளவில் ‘பாறைச் சுவை’ எதையும் தருவதில்லை. புவியியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் இதைப் பல ஆண்டுகளாகப் பொறுமையாக விளக்கி வருகிறார். பாறை செய்வது வேறு வேலை. செங்குத்தாகச் சாய்ந்த ஏடுகளுக்கு இடையே வேர் ஆழமாக இறங்குகிறது. மேல்மண் சுட்டுப் பொசுங்கும்போதும் அடியிலுள்ள இடுக்குகளில் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. கறுப்புக் கல் பகலில் வெப்பத்தை வாங்கி இரவில் கொத்துகளுக்குக் கொடுக்கிறது. சத்து குறைவு என்பதால் பழம் சிறுத்துக் காய்க்கிறது. பழம் சிறுத்தால் சாற்றை ஒப்பிடத் தோலின் பங்கு கூடும். நிறமும் மணமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலில்தான் இருக்கின்றன என்பதால் ஒயின் அடர்த்தியாகிறது. மண்ணின் பங்கு நீர், வெப்பம், பட்டினி ஆகிய மூன்றின் வழியாகத்தான் கோப்பைக்கு வந்து சேர்கிறது.

அப்படியும் கிரெனாஷ் அடர்நிற ஒயின் தராது. அதன் தோலில் அந்தோசயனின் இயல்பாகவே குறைவு. கோடையில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் நிறமி உருவாவது இன்னும் தடைப்படும். சமவெளியின் வளமான மண்ணில் நீர் பாய்ச்சி, ஒரு கொடிக்குக் கிலோ கிலோவாகக் காய்க்கவிட்டால் கிரெனாஷ் வெளிறிய, சப்பென்ற, சாராய நெடி அடிக்கும் ஒயினைத்தான் தரும். இந்த ரகத்துக்கு நெடுங்காலம் ஒட்டியிருந்த கெட்ட பெயர் அப்படி வந்தது. குற்றம் கொடியினுடையது அல்ல. ஷாத்தோநெஃபில் ஒரு ஹெக்டேருக்கு 3,500 லிட்டருக்கு மேல் வடிக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. மோரியின் முதிய கொடிகளுக்கு விதி தேவையில்லை. பல தோட்டங்கள் 2,000 லிட்டரோடு நின்றுவிடுகின்றன. ஹெக்டேருக்குச் சுமார் 4,000 கொடிகள் என்று வைத்தால், ஒரு கொடியின் ஓராண்டு உழைப்பு அரை லிட்டர் ஒயின். முழு பாட்டில்கூட நிறையாது.

நிறம் குறைந்த இந்தப் பழம் சர்க்கரையில் மிஞ்சி நிற்கிறது. கிரெனாஷ் சீக்கிரம் துளிர்த்துத் தாமதமாகப் பழுக்கும் ரகம். நீண்ட பருவம் முழுவதும் இலையில் தயாராகும் சர்க்கரை பழத்துக்கு இறங்கி, குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகப் பிரிந்து சேர்கிறது. கடைசி வாரங்களில் காற்றும் வெயிலும் பழத்திலிருந்து நீரை இழுக்க, எஞ்சிய சாறு இன்னும் இனிக்கிறது. பிறகு ஈஸ்ட்டின் வேலை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு எத்தனால் மூலக்கூறுகளாகவும் இரண்டு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளாகவும் பிளவுபடுகிறது. நடைமுறைக் கணக்கு எளிது: ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரைக்கு 1 சதவீத ஆல்கஹால். லிட்டருக்கு 255 கிராம் சர்க்கரை இருந்தால் ஒயின் 15 சதவீதத்தைத் தொடும். ரூசியோனில் இது அன்றாட எண்.

இங்கே ஆலைக்காரருக்கு ஒரு தலைவலி. ஈஸ்ட் முதலில் குளுக்கோஸை விரும்பித் தின்னும். கடைசியில் மிஞ்சுவது ஃபிரக்டோஸ். அந்த நேரத்தில் தொட்டியில் ஆல்கஹால் ஏறிப் போயிருக்கும். ஈஸ்ட் தானே தயாரித்த ஆல்கஹாலின் நச்சில் தளரும். நொதித்தல் பாதியில் நின்றால் கெட்ட பாக்டீரியாக்கள் உள்ளே புகும். அதனால் நல்ல ஆலைகளில் அறுவடை நாளைத் தேர்வு செய்வதே பெரிய கலை. நாலு நாள் தாமதித்தால் சர்க்கரை எகிறிவிடும். நாலு நாள் முந்தினால் தோலும் விதையும் பழுக்காமல் பச்சைத் துவர்ப்பு தங்கிவிடும். கோடை கடுமையாகிவரும் இந்தக் காலத்தில் சர்க்கரையும் தோலும் ஒரே நாளில் பழுப்பது அரிதாகிறது. பலர் ஆக்லி ஆற்றின் மேற்பகுதிக்கு, உயரமான வடக்குச் சரிவுகளுக்கு நகர்கிறார்கள். அங்கே இரவு குளிர்வதால் பழத்தில் அமிலம் தங்குகிறது.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 15 சதவீத ஒயின் 750 மில்லி பாட்டிலில் இருக்கும் தூய ஆல்கஹால் ஏறக்குறைய 89 கிராம். உடலுக்குப் பாதுகாப்பான ஆல்கஹால் அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாக அறிவித்தது. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. கிரெனாஷை மருந்தாக யாரும் குடிக்க வேண்டாம்.

ஒயினின் நறுமணத்தில் கிரெனாஷுக்கு ஒரு முகம் உண்டு. ராஸ்பெர்ரி, ஸ்ட்ராபெர்ரி போன்ற சிவந்த பழங்கள், வெண்மிளகு, குன்றுகளில் தானாக வளரும் ரோஸ்மேரி, தைம் செடிகளின் வாடை. ஸ்ட்ராபெர்ரிக்கு மணம் தரும் ஃபுரனியோல் என்ற சேர்மம் கிரெனாஷ் ஒயினிலும் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. மிளகு வாடைக்குக் காரணமான ரொட்டண்டோன் சிராவில் தூக்கலாக இருக்கும்; இங்கே இரண்டையும் கலப்பதால் அதுவும் சேர்கிறது. கலப்பதற்கு வேறு காரணமும் உண்டு. கிரெனாஷ் காற்றுப் பட்டால் சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடைந்து செங்கல் நிறத்துக்கு மாறும். சிராவும் கரிஞ்ஞானும் நிறமும் அமிலமும் கொடுத்து அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. கரிஞ்ஞான் வெயிலிலும் புளிப்பு குறையாத பழைய ரகம். மோரிப் பக்கத்தில் கிரெனாஷுக்கு அது நல்ல துணை.

காற்றோடு கலந்து கெடும் இந்தக் குணத்தையே ரூசியோன் ஒரு காலத்தில் செல்வமாக்கியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த மருத்துவர் அர்னாவ் தெ வில்லனோவா, நொதித்துக்கொண்டிருக்கும் சாற்றில் வடித்த ஆல்கஹாலை ஊற்றி ஈஸ்ட்டை நிறுத்தும் முறைக்கு மூலவர் என்று மரபு சொல்கிறது. ஈஸ்ட் மடிந்தால் மிச்சச் சர்க்கரை அப்படியே நிற்கும். இனிப்பும் வலுவும் கொண்ட ஒயின் கிடைக்கும். மோரி, பன்யுல்ஸ், ரிவெசால்ட் ஊர்களின் பெயரில் இந்த இனிப்பு ஒயின்களுக்கு 1936இல் அரசின் பெயர்க் காப்பு வந்தது. மோரியில் மாஸ் அமியேல் என்ற தோட்டத்தில் இன்றும் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் இந்த ஒயினை நிரப்பி வெட்டவெளியில் ஓராண்டு வெயிலிலும் பனியிலும் விட்டுவைக்கிறார்கள். வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து செய்யும் வேலையில் நிறம் காப்பிக்கு மாறும். அத்தி, அக்ரூட், கருகிய சர்க்கரை வாடை எழும். முதிர்ந்த ஒயின்களில் சோட்டலோன் என்ற சேர்மம் சேரும். நம் அடுக்களை வெந்தயத்தின் மணத்துக்கும் அதே மூலக்கூறுதான் காரணம்.

இந்தப் பக்கத்தில் இனிப்பு ஒயினுக்குப் பயன்படும் இன்னொரு திராட்சை அலெக்சாண்டிரியா மஸ்கட். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, தாவரவியலில் ஹாம்பர்க் மஸ்கட், இந்த அலெக்சாண்டிரியா மஸ்கட்டின் நேரடி வாரிசு. தேனி மாவட்டத்துச் சந்தையில் பன்னீர் திராட்சையை மூக்கருகே கொண்டுபோகும்போது வரும் வாசனை ரிவெசால்ட் கிராமத்துக்கு உறவு.

இனிப்பு ஒயினுக்கான சட்டத்தில் இரண்டு நிபந்தனைகள்: பறிக்கும்போது லிட்டருக்குக் குறைந்தது 252 கிராம் சர்க்கரை, ஹெக்டேருக்கு 3,000 லிட்டருக்கு மேல் விளைச்சல் கூடாது. என் பார்வையில் ரூசியோனின் இன்றைய ஒயினுக்கு இந்த இரண்டு வரிகள்தான் அடித்தளம். சமவெளிக்காரர்கள் விளைச்சலைத் துரத்தியபோது, ஆக்லி பள்ளத்தாக்குக் குடியானவர் சர்க்கரையைத் துரத்த வேண்டியிருந்தது. அதற்குக் கிரெனாஷும் ஷிஸ்ட் சரிவும் முதிய கொடிகளும்தான் பொருத்தம். பிடுங்கிவிட்டுப் புது ரகம் நட அவர்களுக்குக் காரணமே இல்லாமல் போயிற்று. வடமேற்கே போர்தோவும் வடகிழக்கே ரோனும் உலர்ந்த, அதாவது இனிப்பற்ற, சிவப்பு ஒயினில் பெயரைக் கட்டிக்கொண்டிருந்தபோது ரூசியோன் இனிப்பு ஒயின் விற்றுக்கொண்டிருந்தது.

பிறகு பிரெஞ்சுக்காரர்களின் நாக்கு மாறியது. உணவுக்கு முன் ஒரு சின்னக் கோப்பை இனிப்பு ஒயின் என்ற பழக்கம் தேய்ந்தது. 1980களிலிருந்து விற்பனை சரிந்தது. கூட்டுறவு ஆலைகளில் தொட்டிகள் தேங்கின. அப்போதுதான் அதே பழத்தை முழுவதும் நொதிக்கவிட்டு உலர்ந்த சிவப்பு ஒயினாக மாற்றுவது பெருகியது. அந்த ஒயினுக்கான கோத் து ரூசியோன் என்ற பெயருக்கு 1977இல் காப்பு கிடைத்திருந்தது. கல்ஸ் கிராமத்தில் ஜெரார் கொபி, வங்ரோவில் முன்னாள் ஒயின் பரிமாறுநர் எர்வே பிசேல் போன்றவர்கள் இந்தக் கொடிகளிலிருந்து எப்படிப்பட்ட ஒயின் வரும் என்று உலகத்துக்குக் காட்டினார்கள். ரோன் பள்ளத்தாக்கின் பெரிய நிறுவனமான ஷப்பூத்தியேகூட 1999இல் ஆக்லி பள்ளத்தாக்கில் நிலம் வாங்கியது. மோரியின் உலர்ந்த சிவப்புக்கு ‘மோரி செக்’ என்ற தனிப் பெயர் 2011இல்தான் கிடைத்தது. ஷாத்தோநெஃப் 1936இலேயே வாங்கிவிட்ட அங்கீகாரம் அது.

அந்த 75 ஆண்டு இடைவெளிதான் விலை. ஷாத்தோநெஃபில் ஒரு ஹெக்டேர் தோட்டம் லட்சக்கணக்கான யூரோ. ரூசியோனில் 10,000 யூரோவைச் சுற்றிக் கிடைக்கும். நிலத்துக்குக் கடன் வாங்காதவர் ஒயினைக் குறைந்த விலைக்குக் கொடுக்க முடியும். பெயர் தெரியாத ஊர் என்பதால் அப்படித்தான் கொடுக்கவும் வேண்டியிருக்கிறது. வாங்குபவருக்கு இது லாபம். விளைவிப்பவருக்கு? கொடிக்கு அரை லிட்டர், கையால் அறுவடை, பாட்டில் 8 யூரோ என்றால் கணக்கு உதைக்கிறது. பிள்ளைகள் நிலத்தில் நிற்பதில்லை. கொடி பிடுங்க அரசும் ஐரோப்பிய ஒன்றியமும் கொடுக்கும் ஈட்டுத்தொகையை வாங்கிக்கொண்டு ஒதுங்கியவர்கள் ஏராளம். ரூசியோனின் திராட்சைப் பரப்பு அரை நூற்றாண்டுக்கு முன் இருந்ததில் பாதிகூட இன்று இல்லை.

வறட்சி வேறு நெருக்குகிறது. 2022இல் தொடங்கிய மழைப்பஞ்சம் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. 2023இல் பெர்ப்பினியானில் பெய்தது வழக்கமான மழையில் பாதிகூட இல்லை. வறட்சிக்கு அஞ்சாத கிரெனாஷே சில சரிவுகளில் காய்ந்து போயிற்று. 2025 ஆகஸ்டில் வடக்கே கோர்பியேர் மலைகளில் 16,000 ஹெக்டேருக்கு நெருப்பு பரவியது. உழுது பராமரித்த திராட்சைத் தோட்டத்தில் தீ பெரும்பாலும் தடுமாறி நிற்கும். கைவிட்ட தோட்டத்தில் முளைத்த புதரோ தீக்கு எண்ணெய். பிடுங்கிய கொடிகளின் விலை அந்தக் கோடையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

பிரான்சிலோ லண்டனிலோ டொரான்டோவிலோ இருந்துகொண்டு ஒயின் குடிக்கும் பழக்கம் உள்ள வாசகருக்கு, லேபிளில் பார்க்க வேண்டியவை இவை: ‘கோத் து ரூசியோன் விலாஜ்’, அதோடு தோத்தவேல், லெஸ்கெர்த், கரமானி, லத்தூர்-த-ஃபிரான்ஸ் என்ற கிராமப் பெயர்களில் ஒன்று, அல்லது ‘மோரி செக்’. ‘கோத் கத்தலான்’ என்ற எளிய முத்திரையிலும் அருமையான ஒயின்கள் உண்டு, விதிகளுக்குள் அடங்காத விவசாயிகள் பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ‘முதிய கொடி’ என்று பொருள்படும் ‘வியேய் வீஞ்’ என்ற சொல்லுக்குச் சட்ட வரையறை இல்லை. அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம், விளைவித்தவரின் பெயரைப் பாருங்கள். 16 டிகிரிக்குக் குளிர்வித்துக் குடியுங்கள். அறை வெப்பத்தில் 15 சதவீத ஆல்கஹால் மூக்கை எரித்துப் பழத்தின் மணத்தை மூடிவிடும். ஆட்டுக்கறியோடு நன்றாகச் சேரும். 8 யூரோ பாட்டிலும் 13 யூரோ பாட்டிலும் பக்கத்தில் இருந்தால் 13ஐ எடுங்கள். அந்த விலையிலும் அது பிரான்சின் மிக மலிவான உயர்ந்த ஒயின்களில் ஒன்று. கூடுதலாகக் கொடுக்கும் 5 யூரோவில் ஒரு பங்காவது கொடியைப் பிடுங்காமல் வைத்திருப்பவருக்குப் போய்ச் சேரும்.